பக்கவாட்டில்

ஆறு நாளும் நான் போவது
மேலே, கீழே.
வேறு திசை கிடையாது.
தெய்ரா, மரினா, பிசினஸ் பே
எல்லாமே எனக்குக் கிணறுகள்தாம்.
நீங்கள் கண்ணாடி பார்த்துத் தலை சீவும் பெட்டியின்
கூரைமேல் நிற்பவன் நான்,
கையில் கிரீஸ், இடுப்பில் கொக்கி.
நாற்பத்தொன்றாம் மாடிக்கும் நாற்பத்திரண்டுக்கும் இடையில்
ஒரு சுவர் இருக்கிறது.
குடியிருப்பவர் யாரும் பார்த்திராத சுவர்.
சுண்ணக்கட்டியில் ஏதோ கிறுக்கியிருந்ததைப்
படமெடுத்துப் போய் ஷொஹாக்கிடம் காட்டினேன்.
‘ரூபா’ என்றான்.
பணமா, பெண்ணா?
அவனுக்கும் தெரியவில்லை.

போன வாரம்
பதினெட்டு நிமிடம் பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட அம்மாள்
கதவைப் பிளந்ததும்
என் கையைப் பற்றிக்கொண்டு அழுதாள்.
பிறகு தன் கையைப் பார்த்தாள்.
கிரீஸ்.
பையிலிருந்து ஒரே ஒரு டிஷ்யூ எடுத்தாள்.
எனக்கா அவளுக்கா என்று புரியாமல்
ஆளுக்குப் பாதி துடைத்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும்
பக்கவாட்டில் போகவேண்டும்.
ஷார்ஜாவில் எங்கள் அறையின் சட்டம் அது.
போட்டவர் லூர்துராயன்,
பேக்கரியில் இரவுக் கணக்கு எழுதுபவர்.
செலவு ஆளுக்கு முப்பது திர்ஹம்,
மீறினால் அடுத்த வாரத்தில் கழியும்.

அப்படித்தான் ஒரு ஞாயிறு
ஒரு திர்ஹம் அப்ராவில்
க்ரீக்கை ஏழு தடவை கடந்தோம்.
ஏழு ஒற்றைப்படை என்பது
அக்கரையில் இறங்கிய பிறகுதான் உறைத்தது.
இன்னொரு ஞாயிறு
சோபாக் கடையில் எல்லாவற்றிலும் உட்கார்ந்து பார்த்தோம்.
குழந்தைக் கட்டிலில் லூர்துராயன் தூங்கிவிட்டார்.
மூச்சு விடும்போதெல்லாம்
மூக்கின்மேல் ஆடியது விலைச்சீட்டு.

இந்த வாரம் கார்.
பேக்கரி முதலாளியுடைய மைத்துனரின் பழைய சன்னி.
ஏசி இருக்கிறது, சத்தமாக. குளிர்தான் இல்லை.
‘மணல் பார்க்கணும்’ என்றான் ஷொஹாக்.
பதினோரு வருஷமாகப் பாலைவனத்தில் இருக்கிறான்,
சிமெண்டோடு கலந்த மணல் மட்டுமே பழக்கம்.

மலீஹா பக்கம், தார் முடிகிற இடத்தில்
‘கொஞ்ச தூரந்தானே’ என்றார் லூர்துராயன்.
சக்கரம் சுற்றியது.
கார் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை.
கீழே போனது.
ஞாயிறன்றுமா, என்றேன் வானத்தைப் பார்த்து.

கால்மிதியை வைத்தோம், பிரியாணி டப்பா மூடியால் தோண்டினோம்,
ஷொஹாக் ஒருமுறை விழுந்தான்,
விழுந்தவன் எழவில்லை,
அப்படியே மல்லாந்து படுத்துக்கொண்டு
‘சூடா இருக்கு, நல்லா இருக்கு’ என்றான்
எங்கள் மூவருக்கும் பொதுவான ஓட்டை இந்தியில்.

லேண்ட் குரூஸரில் வந்தான் ஒரு பையன்.
வெள்ளைக் கந்தூரா, இன்னும் அரும்பாத மீசை.
சிரிப்பை அடக்கிக்கொண்டு
சக்கரத்தருகே குந்தினான்.
ஒரு குச்சியால் வால்வை அழுத்தினான்.
ஸ்ஸ்ஸ்ஸ்.
‘ஹவா’ என்றான்.
அரபியா இந்தியா வங்காளமா,
எதுவானாலும் அது காற்றுதான்.
நான்கு சக்கரத்திலும் பாதிக் காற்றை இறக்கிவிட்டு
தானே உட்கார்ந்து ரிவர்ஸ் எடுத்தான்.
வெண்ணெயில் கத்திபோல வெளியே வந்தது சன்னி.
பணம் நீட்டியதற்குக் கோபப்பட்டான்.
கடலைமிட்டாயை வாங்கிக் கடித்து
பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.
தங்கைக்கு இன்னொன்று கேட்டான்.

திரும்புகையில் சப்பைச் சக்கரங்களில்
ஓரமாக, கல்யாண ஊர்வலம்போல ஊர்ந்தோம்.
லாரிகள்கூட எங்களைத் திட்டிக்கொண்டே முந்தின.
பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும்போது
‘அடுத்த வாரம் மலை’ என்றார் லூர்துராயன்.
மலை என்றால் மேலே,
அது சட்டத்தில் வராது என்றேன்.
வளைந்து வளைந்து போனால் பக்கவாட்டுதான் என்றார்.
ஷொஹாக் யார் பக்கமும் ஓட்டுப் போடவில்லை,
காதுக்குள் விரலைவிட்டு
மணல் தட்டிக்கொண்டிருந்தான்.

திங்கள் காலை
கூரைமேல் ஏறி, கொக்கி மாட்டி,
பூட்ஸ் கயிற்றை இறுக்கக் குனிந்தேன்.
ஒரு பிடி மணல் கொட்டியது
இடுக்கு வழியே, இருட்டுக்குள்.
நாற்பத்தொரு மாடி.
காதைக் கொடுத்துக் காத்திருந்தேன்,
சத்தமே வரவில்லை.
கீழே எங்கோ யாரோ ஒருவர்
பொத்தானை விடாமல் அமுக்கிக்கொண்டிருக்கிறார்.